சுண்ணாம்புக் காளவாயும் உரக் கணக்கும்

உரம் வாங்கச் செல்லும் விவசாயி பெரும்பாலும் மூட்டைக் கணக்கிலேயே வாங்குகிறார். யூரியா இரண்டு மூட்டை, பொட்டாஷ் ஒரு மூட்டை என்பதே கடைவீதிப் பேச்சு. ஆனால் பயிர் மூட்டையை உண்பதில்லை. மூட்டைக்குள் அடங்கியிருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் முதலிய சில மூலகங்களே அதற்கு உணவாகின்றன. எந்தப் பொருளில் எந்த மூலகம் எவ்வளவு உண்டு, அது நிலத்தில் எப்பொழுது தங்கும், எப்பொழுது கைநழுவிப் போகும் என்பவற்றை அறிந்தவர் தம் பணத்தையும் நிலத்தின் வளத்தையும் ஒருங்கே காத்துக்கொள்வார். இவ்வறிவைப் பெறுவதற்குப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. இரசாயன சாஸ்திரத்தின் முதற்பாடமே போதும். அப்பாடத்தைக் கிராமத்துச் சுண்ணாம்புக் காளவாயிலிருந்தே தொடங்கலாம்.

காளவாயில் நிகழ்வது

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ கரியுடன் அடுக்கிச் சுட்டால் நீற்றாத சுண்ணாம்பு கிடைக்கிறது. சுத்தமான கல் 100 கிலோவை முற்றச் சுட்டால் எஞ்சும் சுண்ணாம்பு 56 கிலோதான். மீதி 44 கிலோ எங்கே போயிற்று? தீயில் அழிந்துபோயிற்று என்று சொல்வது வழக்கம். அது சரியன்று. ஸ்காட்லாந்து தேசத்து ஜோசப் பிளாக் என்னும் மருத்துவர் இத்தகைய பொருள்களைச் சுடுமுன்னும் சுட்டபின்னும் தராசில் நிறுத்துப் பார்த்து, குறைந்த எடைக்குக் காரணம் கல்லினின்று வெளிப்பட்ட ஒரு வாயுவே என்று 1756ஆம் ஆண்டில் எழுதினார். அதுவே கரியமில வாயு.

இந்த 56 கிலோ சுண்ணாம்பின்மீது தண்ணீர் தெளித்தால் அது கொதித்துச் சூடாகி, வெண்பொடியாக நீறுகிறது. முற்ற நீறியபின் நிறுத்தால் எடை 74 கிலோ ஆகும். பொடி கைக்கு உலர்ந்ததாகத் தோன்றினும் அதனுள் 18 கிலோ தண்ணீர் அடங்கிவிட்டது. அத்தண்ணீர் ஈரமாக நில்லாமல் சுண்ணாம்போடு ஒன்றிப் புதியதொரு பொருளாகிவிட்டது. இப்பொடியைக் கரைத்துச் சுவரில் அடித்தால், நாளடைவில் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடியும் கல்லின் பொருளாகவே இறுகுகிறது. முற்ற இறுகியபின் அதன் எடை பழைய 100 கிலோவேயாம். கல் சுண்ணாம்பாயிற்று, சுண்ணாம்பு நீறாயிற்று, நீறு கல்லாயிற்று. இடையில் ஒரு குன்றிமணி எடையும் புதிதாகப் பிறக்கவுமில்லை, அழியவுமில்லை.

மூலகமும் அணுவும்

எப்பொருளையும் தீயினாலும் திராவகத்தினாலும் மின்சாரத்தினாலும் பிரித்துக்கொண்டே சென்றால், அதற்குமேல் இரசாயன முறையில் பிரிக்கவொண்ணாத சில பொருள்கள் எஞ்சும். அவையே மூலகங்கள். இரும்பு, செம்பு, கந்தகம், பொன், கரி, பிராணவாயு ஆகியவை இவ்வகையின.

இக்கருத்தைத் திட்டமாக வகுத்தவர் பிரெஞ்சு தேசத்து லவோசியர். இவர் இரசாயன சாஸ்திரியாக மட்டுமன்றி நிலமுடையவராகவும் விளங்கினார். 1778ஆம் ஆண்டு முதல் பிரெஷீன் என்னும் ஊரில் மாதிரிப் பண்ணை ஒன்றை நடத்தி, வரவு செலவுகளைக் கருத்தாகக் குறித்துவந்தார். கணக்கனுடைய இந்த வழக்கத்தையே அவர் ஆராய்ச்சிச் சாலையிலும் கைக்கொண்டார். பரிசோதனைக்குமுன் இருந்த எடையும் பின் இருந்த எடையும் சமமாதல் வேண்டும் என்பது அவர் கொண்ட விதி. 1789இல் அவர் வெளியிட்ட நூலில் 33 மூலகங்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் சுண்ணாம்பும் ஒன்று. ஏனெனில் அதைப் பிரிக்கும் வழி அக்காலத்தில் தெரியவில்லை. பின்னர் 1808இல் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி என்பவர் மின்சாரத்தைக் கொண்டு சுண்ணாம்பைப் பிரித்து, அதனுள் கால்சியம் என்னும் உலோகம் பிராணவாயுவுடன் கூடியிருப்பதைக் காட்டினார். இன்று அறியப்பட்டுள்ள மூலகங்கள் 118. பயிர்களுக்கு இன்றியமையாதவையாகக் கொள்ளப்படுபவை அவற்றுள் 17 மட்டுமே. கரி, ஹைட்ரஜன், பிராணவாயு ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வருகின்றன. ஏனைய 14 மூலகங்களையும் பயிர் பெரும்பாலும் வேரின் வழியாகவே பெறவேண்டும்.

ஒவ்வொரு மூலகமும் கண்ணுக்குப் புலனாகாத மிகச் சிறிய அணுக்களால் ஆனது. இதனை ஜான் டால்ட்டன் 1808இல் வெளிவந்த தம் நூலில் எடையின் ஆதாரத்தோடு விளக்கினார். அணுவுக்குள்ளும் கரு ஒன்று உண்டு என்பதும், அக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே மூலகம் இன்னதென நிர்ணயிக்கிறது என்பதும் பின்னர்த் தெளிவாயின. ஹைட்ரஜனுக்கு ஒன்று, நைட்ரஜனுக்கு ஏழு, கால்சியத்துக்கு இருபது. அடுப்புத் தீயோ காளவாய்த் தீயோ அக்கருவை மாற்ற வல்லதன்று. ஆகையால் நிலத்தில் பாஸ்பரஸ் குறைந்தால், வேறு எதையிட்டும் அதனைப் பாஸ்பரஸாக்க முடியாது.

கலவையும் கூட்டுப்பொருளும்

மணலையும் உப்பையும் சேர்த்தால் அது கலவை. எந்த அளவிலும் கலக்கலாம். தண்ணீர் விட்டு வடித்தால் இரண்டும் வேறாகிவிடும். கூட்டுப்பொருள் அப்படிப்பட்டதன்று. அதில் அணுக்கள் குறித்த கணக்கின்படி பிணைந்து நிற்கும். கூடியபின் பழைய குணங்களும் மாறிவிடும். சோற்றில் இடும் உப்பையே எடுத்துக்கொள்க. அதிலுள்ள சோடியம் தண்ணீரில் இட்டாலே சீறித் தீப்பற்றக்கூடிய உலோகம். அதனோடு கூடிய குளோரின், 1915இல் பெல்ஜியத்தில் போர்க்களத்தில் உயிர்களை மாய்த்த நச்சுவாயு. இரண்டும் கூடிய உப்போ அன்றாட உணவு.

ஆதலின் ஓர் உரத்தில் வேண்டிய மூலகம் உண்டா என்பதோடு, அதனுடன் கூடி வருவது யாது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். சாதாரணப் பொட்டாஷ் உரம் பொட்டாசியமும் குளோரினும் கூடியது. நெல்லுக்கு அதனால் கெடுதியில்லை. புகையிலைக்கோ குளோரின் மிகுந்தால் இலை நன்றாக எரியாது. அதற்குப் பொட்டாசியம் சல்பேட்டே ஏற்றது. ஜிப்சத்தில் கால்சியமும் கந்தகமும் கூடி வருகின்றன. நிலக்கடலைக்கு இரண்டும் வேண்டியவை. கடலையின் விழுதும் இளங்காயும் தமக்கு வேண்டிய கால்சியத்தை மண்ணிலிருந்து நேரே உறிஞ்சுவதால், காய் பிடிக்கும் தருணத்தில் ஜிப்சமிட்டு மண்ணணைப்பது பயன் தருகிறது.

மூட்டைக்குள் எவ்வளவு?

அணுக்களுக்கு ஒப்பு எடை உண்டு. ஹைட்ரஜன் 1, கரி 12, நைட்ரஜன் 14, பிராணவாயு 16, கந்தகம் 32. இந்த ஐந்து எண்களைக் கொண்டே இரண்டு உரங்களின் சத்தைக் கணக்கிடலாம்.

யூரியாவின் ஒரு மூலக்கூற்றில் கரி அணு 1, பிராணவாயு அணு 1, நைட்ரஜன் அணு 2, ஹைட்ரஜன் அணு 4 உள. கூட்டினால் 12, 16, 28, 4, ஆக 60. இதில் நைட்ரஜன் 28. அதாவது நூற்றுக்கு 46க்குச் சற்று மேல். அம்மோனியம் சல்பேட்டில் நைட்ரஜன் 28, ஹைட்ரஜன் 8, கந்தகம் 32, பிராணவாயு 64, ஆக 132. இங்கும் நைட்ரஜன் அதே 28தான். ஆனால் பங்கு நூற்றுக்கு 21. எனவே 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 20.7 கிலோ நைட்ரஜனும், 50 கிலோ அம்மோனியம் சல்பேட் மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 10.3 கிலோ நைட்ரஜனும் உள்ளன. மூட்டை விலையை இந்த எண்ணால் வகுத்தால் ஒரு கிலோ நைட்ரஜனின் விலை தெரியும். ஒப்பிட வேண்டிய விலை அதுவே. அம்மோனியம் சல்பேட்டில் கந்தகமும் நூற்றுக்கு 24 வீதம் இருப்பதால், கந்தகம் குறைந்த நிலத்தார் அதனையும் வரவில் சேர்த்துக்கொள்ளலாம்.

மூட்டையின்மேல் அச்சிட்ட எண்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. நைட்ரஜனுக்குரிய எண் மூலகத்தையே குறிக்கும். பாஸ்பரஸுக்கும் பொட்டாசியத்துக்கும் உரிய எண்கள், பழைய வழக்கப்படி, அவை பிராணவாயுவுடன் கூடிய நிலையைக் குறிப்பன. டி.ஏ.பி.யில் 46 என்று காண்பது பாஸ்பரஸ் மூலகமாகக் கணக்கிட்டால் 20. பொட்டாஷில் 60 என்று காண்பது பொட்டாசியமாகக் கணக்கிட்டால் 50. இது வஞ்சனையன்று. ஆயினும் ஓர் உரத்தை ஒரு முறையிலும் மற்றோர் உரத்தை மற்றொரு முறையிலும் கணக்கிட்டு ஒப்பிடுதல் கூடாது.

கைநழுவிப் போவது

மூலகம் அழிவதில்லை என்றாலும், நம் வயலை விட்டு நீங்கிவிடக்கூடும். இதனைக் கண்கூடாக அறிய எளிய பரிசோதனை ஒன்று உண்டு. ஒரு சிட்டிகை அம்மோனியம் சல்பேட்டோடு சிறிது நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்து ஈரமாக்கினால், மூக்கைத் துளைக்கும் நெடி எழும். சற்று எட்ட நின்றே முகர்தல் வேண்டும். நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் தேய்த்தவர்கள் இந்நெடியை அறிவார்கள். இது அம்மோனியா. விலைகொடுத்து வாங்கிய நைட்ரஜனே வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. விறகுச் சாம்பலும் இவ்வாறே செய்யும். ஆகையால் அம்மோனியம் சல்பேட்டையோ டி.ஏ.பி.யையோ சுண்ணாம்புடனும் சாம்பலுடனும் கலந்து இடலாகாது. யூரியாவும் மண்ணில் அம்மோனியாவாக மாறும் இயல்புடையதாதலால், மேலாகத் தூவி அப்படியே விட்டால் நஷ்டம் நேரும்; களர்ப் பாங்கான நிலத்தில் நஷ்டம் இன்னும் மிகும். அதனை மண்ணில் சேரச் செய்தல் வேண்டும்.

சாணத்தை வரட்டியாக்கி எரிப்பதும் இவ்வகைப்பட்டதே. பொட்டாசியம், பாஸ்பரஸ், கால்சியம் ஆகியவை பெரும்பாலும் சாம்பலில் தங்கும். நைட்ரஜன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். சாம்பலை வயலில் இடுவோர் பாதி வரவை மட்டுமே மீட்கின்றனர் என்று அறிதல் வேண்டும். வைக்கோல் விற்பவர்களும் ஒன்றை நினைவில் கொள்வார்களாக. நெற்பயிர் எடுத்துக்கொண்ட பொட்டாசியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. வண்டியேறிச் செல்லும் வைக்கோலோடு நிலத்தின் பொட்டாசியமும் செல்கிறது.

போகாமல் தங்குவது

வேண்டிய மூலகம் போய்விடுவது ஒரு துன்பம். வேண்டாத மூலகம் போகாமல் தங்கிவிடுவது மற்றொரு துன்பம். களர் நிலத்தில் களிமண் துகள்களைச் சோடியம் பற்றிக்கொண்டிருப்பதால் மண் இறுகித் தண்ணீர் இறங்குவதில்லை. ஜிப்சமிட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. விலகிய சோடியம் சல்பேட்டாகித் தண்ணீரில் கரைந்து நிற்கிறது. ஜிப்சம் சோடியத்தை அழித்துவிடும் என்று கருதி வடிகால் வெட்டாமல் விடுவோர் உண்டு. அவர்கள் செலவு வீணாகும். இடம் மாறிய சோடியம் அவ்வயலிலேயே இருக்கிறது. தண்ணீர் தேக்கி, கரைந்த உப்பைக் கீழிறக்கி, வடிகால் வழியே வெளியேற்றினாலன்றி நிலம் சீர்ப்படாது. ஒரு விவசாயியின் வடிகால் அடுத்தவர் நிலத்தின் வழியாகவே செல்ல வேண்டியிருத்தலின், இக்காரியம் ஊர் கூடிச் செய்யவேண்டியதாகும். கிராம அலுவலர்களும் பஞ்சாயத்தாரும் முன்னின்று நடத்தினால்தான் இது கைகூடும்.

நிலத்தின் வரவு செலவு

இதுவரை கூறியவற்றால் விளங்குவது, வயலும் ஒரு பேரேடு என்பதே. தொழுவுரம், புண்ணாக்கு, வாங்கிய உரம், ஆற்று வண்டல் ஆகியவை வரவு. தானியம், வைக்கோல், புகை, வடிநீர், காற்றில் போன அம்மோனியா ஆகியவை செலவு. காற்றின் கொள்ளளவில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே ஆயினும், நெல்லும் கரும்பும் அதை நேரே எடுக்கமாட்டா. கொழிஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு முதலியவற்றின் வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைப் பிடித்துக் கூட்டுப்பொருளாக்குகின்றன. எனவே பசுந்தாள் உரம் காற்றிலிருந்தே வரும் நைட்ரஜன் வரவாகும். பாஸ்பரஸுக்கும் பொட்டாசியத்துக்கும் காற்றில் இத்தகைய களஞ்சியம் இல்லை. அவற்றை இட்டே தீரவேண்டும்.

அறுவடை முடிந்து அடுத்த உழவு தொடங்குமுன் வயலில் பல இடங்களிலிருந்து மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புவது முதற்காரியம். வரும் அறிக்கையில் எந்த மூலகம் குறைவு என்று கண்டுள்ளதோ அதனை மட்டும் தேர்ந்து, எந்த உரத்தில் அது ஒரு கிலோ என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று கணக்கிட்டு வாங்குதல் இரண்டாவது. வாங்கியதைச் சாம்பலோடும் சுண்ணாம்போடும் சேர்க்காமல், மண்ணுக்குள் சேரும்படி உரிய காலத்தில் இடுதல் மூன்றாவது. இம்மூன்றையும் ஒரு நோட்டில் வயல் வாரியாகக் குறித்துவைத்தால், அடுத்த ஆண்டு உரம் வாங்கப் போகும்பொழுது எத்தனை மூட்டை என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.