பெட்டியில் இல்லாத 400 ரூபாய்

எக்ஸெல் செல்லில் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்றாக இருக்கலாம். சாப்ட்வேர் எழுதிச் சம்பாதிக்கும் எனக்கே இதை என் அம்மாவின் கணக்குதான் நினைவூட்டியது.

அம்மா எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவின் பொருளாளர். நோட்டில் இருந்த வரவு செலவை எக்ஸெலுக்கு மாற்றிக் கொடுத்தவன் நான். ஒரு சனிக்கிழமை இரவு போன் வந்தது. "கம்ப்யூட்டர்ல 3,460 இருக்குன்னு காட்டுதுப்பா. பெட்டியில 3,060தான் இருக்கு. நாளைக்குக் கூட்டம். என் கைக்காசு நானூறைப் போட்டுடறேன்." வேண்டாம் என்று சொல்லி, பைலை மெயிலில் அனுப்பச் சொன்னேன்.

செலவுத் தொகைகள் டி2 முதல் டி31 வரை. டி32 செல்லில் அவற்றைக் கூட்டும் சம் பார்முலா சரியாகவே இருந்தது. எக்ஸெல் வழக்கமாக எண்களை வலப்பக்கமும் எழுத்துகளை இடப்பக்கமும் ஒதுக்கிக் காட்டும். ஆனால் அழகுக்காக நானே அந்த வரிசை முழுவதையும் நடுவில் அமைத்துத் தொலைத்திருந்தேன். அதை நீக்கியதும் இரண்டு தொகைகள் மட்டும் இடப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டன. வங்கிக்குப் போன ஆட்டோவுக்கு 250/-, லெட்ஜர் வாங்க 150/-. நோட்டில் எழுதும் பழக்கத்தில் அம்மா "/-" சேர்த்து டைப் செய்திருக்கிறார். அதனால் அவை எண்கள் அல்ல, வெறும் எழுத்துகள். சம் பார்முலா எழுத்துகளைக் கண்டால் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும். இதுதான் ஆபத்து. டி5+டி9 என்று கூட்டல் குறி போட்டுக் கூட்டியிருந்தால் #வேல்யூ! என்று பிழையாவது காட்டியிருக்கும்.

இரண்டையும் 250, 150 என மாற்றினேன். செலவு 400 கூடியது. ஆனால் கீழே மீதித் தொகை 3,460 அப்படியே நின்றது!

அந்தச் செல்லில் கிளிக் செய்து, மேலே உள்ள பார்முலா பாரைப் பார்த்தேன். அங்கும் 3460 என்றே இருந்தது. சந்தேகத்தில் அம்மா கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து, வந்த விடையை என் பார்முலாவின் மேலேயே டைப் செய்துவிட்டார். அப்படிச் செய்தால் பார்முலா அழிந்துவிடும். அதன் பிறகு மேலே எதை மாற்றினாலும் அந்த எண் அசையாது. மீண்டும் =சி32-டி32 என அமைத்து என்டர் தட்டினேன். 3,060 வந்தது.

இனி தொகையை மட்டும் டைப் செய்யுங்கள். "/-" வேண்டுமென்றால் செல்களைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து பார்மட் செல்ஸ் செல்லுங்கள். நம்பர் டேபில் கஸ்டம் தேர்ந்தெடுத்து, டைப் கட்டத்தில் 0"/-" என்று கொடுங்கள். காட்சியில் குறி வரும், உள்ளே எண்ணாகவே இருக்கும். எங்கெல்லாம் பார்முலா இருக்கிறது என்று ஒரே பார்வையில் பார்க்க, கண்ட்ரோல் கீயுடன் எஸ்கேப்புக்குக் கீழே உள்ள கீயை அழுத்துங்கள். மீண்டும் அழுத்தினால் பழையபடி விடைகள் வரும்.

அம்மாவுக்குப் போன் செய்தபோது மணி பதினொன்று. "அப்ப நான் ஏமாத்தலையே?" என்றுதான் முதலில் கேட்டார்.