எண்ணெய் எடுத்த கிராம்பு: வியாபாரிகள் கவனிக்க

கிராம்பு, ஏலம், சீரகம், ஓமம் இவற்றை நாம் எடை போட்டு விற்றாலும், வாடிக்கையாளர் காசு கொடுப்பது அவற்றிலுள்ள எண்ணெய்க்காகத்தான். நல்ல கிராம்பில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை எண்ணெய் உண்டு. சீரகம், ஓமத்தில் 2 முதல் 4 பங்கு. ஏலத்தில் எண்ணெய் இருப்பது அரிசியில். தோலில் அநேகமாக ஒன்றுமில்லை.

எண்ணெய் வடிக்கும் ஆலைகளில் சரக்கைப் பக்குவம் செய்யும் முறையை நாமும் அறிந்திருப்பது நல்லது. முதலில் சரக்கைப் புடைத்து, சலித்து, கல், மண், காம்பு நீக்குவார்கள். பூஞ்சணம் பிடித்ததை ஒதுக்குவார்கள். ஏலக்காயானால் தோல் நீக்குவதும் உண்டு. பிறகு உருளை இயந்திரத்தில் ஒன்றிரண்டாக உடைப்பார்கள். எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகளில் அடைபட்டிருக்கிறது. உடைத்தால்தான் நீராவி உள்ளே புகுந்து அதை வெளியே கொண்டுவரும். மாவாக அரைத்தால் சரக்கு கட்டி பிடித்து, ஆவி ஏதாவது ஒரு சந்து வழியே போய்விடும். அரைக்கும் சூட்டிலும் எண்ணெய் பறந்துவிடும். உடைத்த சரக்கைத் தாமதமின்றிக் கொப்பரையில் ஏற்றுவதும் இதனால்தான். நாமும் மசாலாப் பொடியை மாதக்கணக்கில் திறந்து வைத்திருக்கக் கூடாது.

கிராம்பை உடைக்காமல் முழுசாகவே தண்ணீரில் கொதிக்கவிட்டும் எண்ணெய் வடிக்கலாம். நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் சக்கை கிராம்பின் உருவத்திலேயே மிஞ்சும். மோசடி தொடங்குவது இங்கேதான். சக்கையைக் காயவைத்து, பளபளப்புக்கு லேசாக எண்ணெய் தடவி, நல்ல சரக்கோடு கலந்துவிடுகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் நானே இதில் ஏமாந்தேன். ஒரு தரகர் கொண்டுவந்த சாம்பிள் முதல் தரம். விலையும் மார்க்கெட்டைவிடக் குறைவு. மூட்டைகளைப் பிரித்துப் பார்க்காமல் சில்லறைக் கடைகளுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு கல்யாணச் சமையல்காரர், "இது கிராம்பா, குச்சியா?" என்று கடைக்காரர் முன் கொட்டிவிட்டாராம். சரக்கு முழுவதையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். பணம் போனதைவிட, பழைய கடைக்காரர் இருவர் அதன்பின் என்னிடம் வராமல் போனதே பெரிய நஷ்டம்.

சோதனை எளிது. ஒரு டம்ளர் தண்ணீரில் பத்துக் கிராம்பைப் போடுங்கள். நல்ல கிராம்பு அடியில் தங்கும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். சக்கை மேலே படுத்து மிதக்கும். காம்பை நகத்தால் அழுத்தினால் நல்லதில் எண்ணெய் கசியும். சக்கை சுருங்கிக் கறுத்திருக்கும். சாம்பிளை மட்டும் பாராமல் மூட்டையின் நடுவிலிருந்தும் எடுத்துப் பாருங்கள்.

2011 ஆகஸ்டு முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தரம் குறைந்த சரக்கை விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதிகாரி மாதிரி எடுப்பது நம் கடையில்தான். ஆகவே பில் இல்லாமல் கொள்முதல் செய்யாதீர்கள். விலை மிகவும் மலிவாக வந்தால், முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள்.