கட்டைக்குத்து மட்டப்பா

ஆடியில் சாரலும், ஐப்பசியில் அடைமழையும், சித்திரையில் கல்லைப் பிளக்கும் வெயிலும் மாறி மாறி வரும் கடையநல்லூரில், பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கப்படி நடுத்தரக் குடும்பஸ்தர் ஒருவர் கட்டிக்கொண்ட வீட்டைப் பார்க்க வருகிறவர்கள், திண்ணையையும் தார்சாவையும் நிலைக்கதவின் சித்திர வேலையையும் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். அவ்வீட்டின் மெய்யான சாமர்த்தியம் தலைக்கு மேலே, மொட்டைமாடியாகிய மட்டப்பாவைத் தாங்கும் கட்டைக்குத்துத் தளத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அதே காலத்தில் அயர்லாந்து தேசத்து நாட்டுப்புறத்துச் சிறு பிரபு, மழை வழிந்தோடச் சரிவான கூரையில் பலகைக்கல்லை வேய்ந்து, கிடைக்கிற சொற்ப வெயிலையும் உபசரித்து அழைக்க உயர்ந்த ஜன்னல்களை வைத்தார். நம்மவருக்கோ வெயிலை வாசலோடு நிறுத்துவதே பெருங்கவலை.

உத்திரங்களின் மேல் தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பியபின், ஓர் அங்குலக் கனமே உள்ள அச்சுக்கற்கள் என்ற சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார் கொத்தனார். அடியில் முட்டுப்பலகை கிடையாது. கல்லை அழுத்திப் பிடித்துச் சற்றுப் பொறுத்துக் கையை எடுக்கிறார், அது விழுவதில்லை. முந்திய வரிசையைச் சாந்தினால் பற்றி நிற்கும் அக்கற்கள், காய்ந்தபின் ஒன்றையொன்று நெருக்கிப் பாரமனைத்தையும் கட்டைகளுக்குக் கடத்திவிடுகின்றன.

அதன்மேல் மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, ஆட்கள் வரிசையாகக் குந்தியிருந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். அது இறுகியபின் தட்டோடு பதிப்பார்கள். சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு, எந்தக் கல்லைச் சுட்டு அதை எடுத்தார்களோ அந்தக் கல்லாகவே திரும்பிவிடுகிறது. இவ்வளவு கனத்தையும் கடந்து பகல் வெப்பம் அறைக்குள் இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்நேரத்தில் மட்டப்பாவில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வதுதானே நம் வழக்கம்!

1865-இல் மங்களூரில் பாசல் மிஷனார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் மலிவான ஓடு தெற்கே பரவிற்று. பிற்பாடு சிமெண்டு வந்து இந்த வேலைக்கு ஆள் அருகிப்போகச் செய்தது.

உங்கள் பூர்வீக வீட்டு மட்டப்பா ஒழுகினால், அவசரப்பட்டு அதன்மேல் சிமெண்டைப் பூசிவிடாதீர்கள்: சுவாசிக்க வழியற்ற ஈரம் கீழிறங்கித் தேக்கையே உளுத்துப்போகச் செய்யும். விரிசலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சுண்ணாம்பையே அடைக்கச் சொல்லுங்கள்.