எழுதாமல் போன கடிதங்கள்

ஒரு தம்பி தன் அக்காவுக்கு எழுதும் கடிதத்தோடு தொடங்குகிறது மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. வட துருவத்தைத் தேடிக் கப்பலேறும் ராபர்ட் வால்டன் ரஷ்யாவிலிருந்து எழுதுகிறான். மனிதக் கால் படாத நிலத்தை மிதிக்கப் போகிற பெருமையைச் சொன்னவன், இரண்டாவது கடிதத்திலேயே தன் குறையையும் சொல்லிவிடுகிறான்: மனம்விட்டுப் பேச ஒரு நண்பன் இல்லை.

அறிவு அளவு மீறினால் ஆபத்து என்பதுதான் இந்த கோதிக் நாவலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பொருள். எனக்கு அது போதவில்லை. கதாநாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ன கற்றான் என்பதைவிட, கற்றதை யாரிடமும் சொல்லாமல் பூட்டி வைத்ததுதான் ஒவ்வொரு முறையும் என்னை உறுத்துகிறது.

அவனுக்கு 13 வயது. மழையால் விடுதியில் அடைந்து கிடந்த ஒரு நாளில், கொர்னேலியஸ் அக்ரிப்பா என்ற பழைய மாந்திரீக அறிஞரின் நூல் கையில் சிக்குகிறது. துள்ளிக்கொண்டு அப்பாவிடம் காட்டுகிறான். அவர் தலைப்புப் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதில் நேரத்தைப் பாழாக்காதே என்கிறார். அவ்வளவுதான். இவையெல்லாம் பொய்யென்று எப்போதோ தள்ளப்பட்டவை என அன்று விளக்கியிருந்தால் விட்டிருப்பேன் என்று, சாகும் தறுவாயில் விக்டர் நினைத்துப் பார்க்கிறான். பிள்ளை வளர்க்கும் எவராலும் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்ட முடியாது.

இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனவன், வீட்டின் உச்சியில் தனித்துக் கிடக்கும் ஓர் அறையில் அடைகிறான். உயிருள்ள மனித உருவம் ஒன்றைச் செய்ய, பிணவறையிலிருந்தும் கசாப்புக் கூடத்திலிருந்தும் உறுப்புகள் சேர்க்கிறான். நுண்ணிய உறுப்புகளைச் செய்ய நாளாகிறது என்று எட்டடி உயர உருவத்துக்குத் திட்டம் போடுகிறான், அத்தனை அவசரம். வெளியே வயல் விளைகிறது, திராட்சை பழுக்கிறது, அவன் கண்ணில் எதுவும் படவில்லை. ஜெனீவாவில் குடும்பம் கடிதத்துக்குக் காத்திருக்கிறது. கடிதம் நின்றால் மற்ற கடமைகளையும் கைவிட்டாய் என்றுதான் கொள்வேன் என அப்பா முன்பே சொல்லியிருந்தார். நவம்பர் மாத இரவொன்றில் அந்த உருவம் கண் திறக்கிறது. செய்தவன் அறையை விட்டு ஓடுகிறான். ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

இதை எழுதத் தொடங்கியபோது மேரிக்கு 18 வயது. தாம்போரா எரிமலை 1815இல் கக்கிய சாம்பல் மறுவருடக் கோடையையே தின்றுவிட, ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கியிருந்தவர்களிடம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். இது பலரும் அறிந்தது. அதற்கு முந்தைய வருடம் நடந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். குறைமாதத்தில் பிறந்த மேரியின் முதல் குழந்தை சில நாளிலேயே இறந்தது. குழந்தை குளிரில்தான் விறைத்திருந்தது, நெருப்பருகே தேய்த்துவிட்டதும் உயிர் வந்தது என்று கனவு கண்டதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மேரி பிறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் அவருடைய தாயும் இறந்திருந்தார். செத்ததை எழுப்பத் துடிக்கும் மனசை மேரி தன் வீட்டிலேயே கண்டிருந்தார். நாவல் 1818 ஜனவரி 1 அன்று, ஆசிரியர் பெயர் இல்லாமல், 500 பிரதிகளாக வெளிவந்தது.

கைவிடப்பட்ட அந்தப் பெயரில்லாதவன் முதலில் கற்பது நெருப்பை. யாரோ விட்டுப்போன தணலில் குளிர் காய்கிறான், மகிழ்ச்சியில் கையை விட்டுச் சுட்டுக்கொள்கிறான். பிறகு ஒரு குடிசையின் பக்கத்துக் கொட்டகையில் ஒளிந்து, சுவரின் இடுக்கு வழியே ஒரு குடும்பம் பேசுவதைக் கேட்டுக் கேட்டே மொழி பழகுகிறான். எழுத்தும் வருகிறது. அப்பா, அண்ணன், தங்கை என்ற சொற்கள் ஒவ்வொன்றாகப் புரியப் புரிய, தனக்கு அதில் ஒன்றும் இல்லை என்பதும் புரிகிறது. கல்வி இத்தனை வலிக்கும் பக்கங்களை நான் வேறெங்கும் படித்ததில்லை. வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்து, கண் தெரியாத பெரியவரிடம் போய்ப் பேசுகிறான். அவர் பரிவோடு கேட்கிறார். அதற்குள் மகன் வந்து தடியால் அடிக்கிறான். அதன் பிறகுதான் கொலைகள்.

விக்டரின் தம்பி கொல்லப்படுகிறான். பழி, வீட்டில் வளர்ந்த பணிப்பெண் ஜஸ்டின் மேல் விழுகிறது. கொன்றது யாரென்று விக்டருக்குத் தெரியும். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொள்கிறான். அவளைத் தூக்கிலிடுகிறார்கள். பின்னர், தான் மணக்கப்போகும் எலிசபெத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறான்: பயங்கரமான ரகசியம் ஒன்று இருக்கிறது, திருமணத்துக்கு மறுநாள் சொல்கிறேன். முதலிரவிலேயே அவள் கொல்லப்படுகிறாள். அந்த மறுநாள் வரவே இல்லை.

அந்த உருவத்தைத் துரத்திக்கொண்டு வடக்கே போன விக்டர், பனியில் சிக்கிய வால்டனின் கப்பலில் முழுவதையும் சொல்கிறான். அப்போதும் தெளிவில்லை. ஊர் திரும்பக் கேட்கும் மாலுமிகளைக் கோழைகள் என்று கடிகிறான். சாகும்போது, பேராசை வேண்டாம் என்று சொன்ன வாயாலேயே, இன்னொருவன் ஜெயிக்கக்கூடும் என்கிறான். வால்டன் மாலுமிகளுக்குச் செவி கொடுக்கிறான். மனம் கசந்துதான் கப்பலைத் திருப்பச் சம்மதிக்கிறான்.

நள்ளிரவு. அவன் எழுதிக்கொண்டிருக்கும்போதே விக்டரின் உடல் கிடக்கும் அறையில் ஏதோ குரல் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறான். சவத்தின் மேல் குனிந்து அந்த எட்டடி உருவம் அழுதுகொண்டிருக்கிறது. பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டு, ஜன்னல் வழியே பனிப்பாளத்தில் குதித்து இருட்டில் மறைகிறது. வால்டன் திரும்பி வந்து, கண்டதையும் கேட்டதையும் அக்காவுக்கு எழுதுகிறான்.