வேறொரு வேஷம்

சட்டத்தின் முன் பிள்ளைகள் – 11

போன வாரம் குழந்தைகள் நலக் குழுவின் அறைவரை வந்தோம். அந்த அறைக்கு வருவதற்குள் ஒரு பெண்பிள்ளை தன் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்? 1098 குழந்தைகள் உதவி எண் ஊழியர், பெண் போலீஸ், அரசு மருத்துவமனை டாக்டர். பாலியல் குற்றத்துக்கான போக்சோ வழக்கென்றால் மாஜிஸ்திரேட், பிறகு நீதிமன்றம். அவரவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் யார் கேட்டாலும் அதே நாள், அதே ஆள். பதினைந்து வயதில் அவளுக்கு வேறு கதையே கிடையாது என்று ஆகிவிடுகிறது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்துக்குள் வர இரண்டு வழிகள். குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளைகள் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவார்கள். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் குழந்தைகள் நலக் குழுவுக்கு. முதல் வழியில் பெண்கள் மிகக் குறைவு. இரண்டாவதில் அப்படி இல்லை. வயது வருமுன் கல்யாணம் பண்ணிவைக்கப்படும் ஆபத்தில் உள்ளவளும் அதில் வருகிறாள். கல்வராயன் மலையானாலும் எங்கள் நைனார்பாளையம் மாதிரி கீழ்நாட்டு ஊரானாலும், கல்யாணத்தை நிறுத்திய கையோடு பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பவேண்டி வரலாம். தாலி வாங்கிவைத்தவர்கள் வீட்டில் இருப்பார்கள். இவள் பூட்டிய வாசலுக்கு உள்ளே. இது எனக்கு ஆறவே இல்லை.

இல்லங்களில் விளையாட்டும் கலை நிகழ்ச்சியும் இருக்கவேண்டும் என்று 53ஆம் பிரிவு சொல்கிறது. அதை ஆண்டு விழாவோடு முடித்துக்கொள்ளலாம். கொல்கத்தாவில் சோஹினி சக்ரவர்த்தி அப்படி முடிக்கவில்லை. நடனம் பயின்றவர். 1996இல், கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள் தங்கியிருந்த சன்லாப் அமைப்பின் இல்லத்துக்குப் போனார். தங்கள் உடம்பையே வெறுக்கும்படி ஆக்கப்பட்ட பெண்கள் அவர்கள். நடந்ததைச் சொல்லச் சொல்லாமல், கையை வீசவும் காலை ஊன்றவும் மூச்சைக் கவனிக்கவும் பழக்கினார். 2004இல் அவருடைய கொல்கத்தா சன்வேத் அமைப்பு பிறந்தது. அன்று கற்றுக்கொண்ட பெண்களில் சிலர் பிறகு சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்களானார்கள். இல்லத்துப் பெண் இன்னொரு இல்லத்துக்கு வாத்தியாராகப் போகிறாள்!

நம்மிடம் கூத்து இருக்கிறது. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்த கலைதான். ஆனால் காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில், பள்ளிப் படிப்போடு பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டக் கற்றார்கள். அது இல்லமல்ல, பள்ளி. என்றாலும் பெண்பிள்ளைக்குக் கூத்து வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இல்லத்துப் பிள்ளைகளின் பெயரையோ முகத்தையோ வெளியிடுவதை அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. அரிதாரம் பூசிக் கிரீடம் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. என்றாலும் வெளியே மேடை வேண்டாம்; இல்லத்துக்குள், சக பிள்ளைகள் மட்டும் பார்க்க, வாரம் இரண்டு நாள் கூத்துப் பழக்கலாம். துகிலுரிதலை அவளிடம் நீட்டவேண்டாம். பீமனைக் கொடுங்கள். கட்டியக்காரனைக் கொடுங்கள்; ராஜாவையே கேலி பண்ணிவிட்டுத் தண்டனையில்லாமல் போகிறவன் அவன் ஒருவன்தான். அவள் எந்த வேஷம் கேட்கிறாள் என்பதை நலக் குழு அறிக்கையில் எழுதவும் கூடாது. எழுதினால் அதுவும் ஒரு விசாரணையாகிவிடும்.

எங்கள் மாவட்டத்தில் மழைக்காலத்தில் கூத்து குறைவு, வாத்தியார்களுக்கு வருமானமும் குறைவு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அந்த மாதங்களில் அவர்களை அழைக்கலாம். கூட ஒரு பெண் கலைஞர் கட்டாயம் வேண்டும். போலீஸ் சரிபார்ப்பு இருவருக்கும் வேண்டும். பொன்னாடையோடு அனுப்பிவிடாமல் மாதச் சம்பளம் கொடுக்கவேண்டும். பிள்ளை வீடு திரும்பிய பிறகும் விரும்பினால் அவள் அந்த வாத்தியாரிடம் தொடர வழி இருக்கவேண்டும்; இல்லத்தில் பாதி ஆட்டத்தில் விட்டுவிட்டு வந்தவளை அதற்குப் பிறகு யார் தேடிப் போவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்கவேண்டும்.

தொடரும்