முதல் ‘டச் போன்’: கடைக்குப் போகுமுன் வீட்டில் பேசிக்கொள்வோம்

கைத்தொலைபேசி எமது உழவர் குடும்பங்களுக்குப் புதிய பொருளன்று. முகாமிலும், உறவினர் வீட்டுத் தாழ்வாரத்திலும், வெட்டித் துப்புரவாக்கிய காணியின் தகரக் கொட்டிலிலும் அது எம்மோடு கூடவே இருந்துள்ளது. 2003 ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த நொக்கியா 1100 என்ற சிறிய தொலைபேசியைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அதன் தலையில் ஒரு ரோச் வெளிச்சம் இருந்தது. தூசு புகாத விசைப்பலகையும், வியர்த்த கையிலிருந்து வழுக்காத பக்கங்களும் இருந்தன. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையான அந்தத் தொலைபேசி, எம்மைப் போன்ற மக்களின் வாழ்வை எண்ணிச் செய்யப்பட்ட ஒன்றாகும்.

இன்று அந்தப் பழைய ‘பட்டன் போன்’ மட்டும் போதாது என்ற நிலை மெல்ல மெல்ல உருவாகியுள்ளது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது, டச் போன் இல்லாதவர்கள் அயலவரைக் கொண்டு பதிந்து, குறியீட்டைக் கடதாசியில் அச்சிட்டு மடித்து வைத்திருந்தார்கள். கமக்காரர் அமைப்பின் கூட்ட அறிவித்தலும், பாடசாலையின் அறிவித்தலும் இப்போது பல கிராமங்களில் வட்ஸ்அப் குழுக்களிலேயே முதலில் வருகின்றன. அயலவரின் போனை எத்தனை நாளைக்கு இரவல் கேட்பது?

ஆகவே பல குடும்பங்கள் தமது முதலாவது டச் போனை வாங்க எண்ணியுள்ளன. வாங்குவது பிழையன்று. ஆனால், உழைப்பின் பெரும் பங்கைக் கொடுத்து வாங்கும் பொருளைக் கடைக்காரரின் பேச்சைக் கேட்டுத் தெரிவு செய்வதா, எமது தேவையைப் பார்த்துத் தெரிவு செய்வதா என்பதே கேள்வி.

எதற்காக வாங்குகிறோம்?

மாடு வாங்கப் போகிறவர் உழவுக்கா, பாலுக்கா என்று முதலில் தீர்மானித்துக்கொள்வார். போனுக்கும் அதே வழிதான். வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும் ஒரு மாலையில், இந்தப் போனால் ஆகவேண்டிய நான்கு வேலைகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் எழுதப்படுபவை இவையாகத்தான் இருக்கும்: பிள்ளையின் பாடம், வெளிநாட்டிலுள்ள உறவினருடன் முகம் பார்த்துப் பேசுதல், அறிவித்தல்களை வாசித்தல், பயிரின் நோயைப் படம் பிடித்து அனுப்புதல்.

இந்த நான்குக்கும் விலை உயர்ந்த போன் தேவையில்லை. 2018 இல் சோளத்தில் படைப்புழு பரவியபோது விவசாயப் போதனாசிரியர் கேட்பது என்ன? இலையும் புழுவும் தெளிவாகத் தெரியும் ஒரு படம். அதைச் சாதாரண கமராவே எடுத்துவிடும். நூறு மெகாபிக்சலுக்கு மேல் என்று கடையில் சொல்லப்படும் பெரிய இலக்கத்தால் எமது வயலுக்கு எந்தப் பயனும் இல்லை.

ஒரு கடையில் நாம் கேட்ட உரையாடல் இது. இளைஞரான விற்பனையாளர், “ஐயா, இதுதான் நல்ல கமரா, மாதம் மாதம் கட்டினால் காணும்” என்றார். ஐயா பதில் சொல்லுமுன் அவரது மனைவி கேட்டார்: “தம்பி, படம் எடுக்க எங்களுக்கு என்ன கலியாணமே நடக்குது? எழுத்துப் பெரிதாய்த் தெரியுமோ, சார்ஜ் இரண்டு நாள் நிக்குமோ? அதைச் சொல்லுங்கோ.” கேட்க வேண்டிய கேள்வியை அந்தத் தாய் சரியாகவே கேட்டார்.

கடையில் கேட்க வேண்டியவை

பற்றரி: 5000 மில்லியம்பியர் மணி அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. சூரியப் படலத்தில் சார்ஜ் செய்யும் வீடுகளுக்கு இதுவே முதலாவது விடயம். ஆனாலும் ஒன்றை மனதில் கொள்ளுங்கள். பட்டன் போன் போல ஒரு வாரம் சார்ஜ் நிற்கும் டச் போன் கிடையாது. நாளாந்தம் அல்லது இரண்டு நாளுக்கு ஒரு தடவை சார்ஜ் செய்ய வழி உண்டா என்று முதலில் பாருங்கள்.

நினைவகம்: றாம் எனப்படுவது வேலை செய்யும் மேசை போன்றது, சேமிப்பகம் என்பது நெற்களஞ்சியம் போன்றது. மேசை சிறிதானால் போன் அடிக்கடி திகைத்து நிற்கும். களஞ்சியம் சிறிதானால் சில மாதங்களிலேயே வட்ஸ்அப் படங்களால் நிரம்பிவிடும். றாம் 4 ஜீபீக்கும், சேமிப்பகம் 64 ஜீபீக்கும் குறையாமல் பாருங்கள். காசு இடம் கொடுத்தால் 128 ஜீபீ.

பதிப்பு: போனை இயக்கும் அண்ட்ரொயிட் எத்தனையாவது பதிப்பு என்று கேளுங்கள். அண்ட்ரொயிட் 4.4 பதிப்புள்ள பழைய போன்களில் 2025 ஜனவரி முதல் வட்ஸ்அப் இயங்குவதில்லை. மலிவு என்று வாங்கிய போன் எம் முதல் தேவையையே செய்யாது போனால் அது மலிவா?

சிக்னல்: நாலாம் தலைமுறைச் சேவை, அதாவது 4ஜீ, இலங்கையில் 2013 முதல் உண்டு. போன் 4ஜீ உள்ளதாக இருக்கவேண்டும். ஆனால் போன் நல்லதாக இருந்தாலும் கோபுரம் தூரத்தில் இருந்தால் பயனில்லை. எந்த நிறுவனத்தின் சிக்னல் உங்கள் முற்றத்திலும் வயலிலும் கிடைக்கிறது என்பதை, அயலவரின் போனை இரண்டு இடங்களுக்கும் கொண்டு சென்று பார்த்து அறியுங்கள்.

திரை: போனைக் கடையின் வாசலுக்குக் கொண்டு வந்து வெயிலில் பிடித்து வாசித்துப் பாருங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். எழுத்தின் அளவைக் கூட்டச் சொல்லுங்கள். தட்டத் தெரியாத பெரியவர்கள் ஒலிவாங்கிக் குறியை அழுத்தித் தமிழில் பேசினால் போன் அதை எழுத்தாக்கும். இதையும் கடையிலேயே ஒரு தடவை செய்து பாருங்கள்.

பாவித்த போனும் வெளிநாட்டுப் போனும்

வெளிநாட்டிலுள்ள பிள்ளை தன் பழைய போனை அனுப்புவது எமது குடும்பங்களில் வழமையாகிவிட்டது. அன்போடு வருவதாயினும் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, அங்குள்ள நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்ட போனாக இருக்கலாம். அனுப்புமுன் அந்தப் பூட்டை நீக்கும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். இரண்டாவது, பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கு நீக்கப்படாமல் இருந்தால், போனை அழித்துத் தொடங்கும்போது அது அவரது கடவுச்சொல்லைக் கேட்கும். தெரியாவிட்டால் போன் வெறும் கல்லாகும். மூன்றாவது, *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்ஈஐ எண் திரையில் தோன்றும். IMEI என்ற ஆங்கில எழுத்துகள் நான்கையும் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை எழுதி 1909 இற்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். அது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியப்பட்டதா என்பது பதிலாக வரும்.

கடையில் பாவித்த போன் வாங்கும்போதும் இதையே காசு கொடுக்குமுன் செய்யுங்கள். பற்றுச்சீட்டில் அந்த எண்ணை எழுதுவித்து வாங்குங்கள். போன் களவு போனால் பொலிஸில் முறைப்பாடு செய்வதற்கும் அது வேண்டும். உத்தரவாதம் தந்துவிட்டுப் பின்னர் மறுக்கும் கடையைப் பற்றி 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு அறிவிக்கலாம்.

பழைய இலக்கம் எமது முகவரி

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு வீட்டு முகவரி பலமுறை மாறியிருக்கும். மாறாமல் இருந்தது தொலைபேசி இலக்கம் ஒன்றுதான். பிரதேச செயலகத்தின் பதிவிலும், வங்கியிலும், தூரத்து உறவினரின் கொப்பியிலும் இருப்பது அதுவே. புதுப் போனோடு இலவசமாகக் கிடைக்கிறது என்று புதிய சிம்முக்கு மாறிப் பழையதை எறிந்துவிட்டால், எம்மைத் தேடுகிறவர்கள் எம்மைக் காணமாட்டார்கள்.

பழைய சிம் அளவில் பெரியது. புதிய போன்களில் சிறிய சிம்மே பொருந்தும். கத்தரிக்கோலால் வெட்ட வேண்டாம். தேசிய அடையாள அட்டையுடன் சிம்மின் பதிவுப் பெயருக்குரியவர் நிறுவனத்தின் கிளைக்குச் சென்றால், அதே இலக்கத்துக்குச் சிறிய சிம் தருவார்கள். போவதற்கு முன்னர் பழைய போனின் பெயர்களையும் இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். போனுக்குள்ளும் சிம்முக்குள்ளுமாக அவை பிரிந்திருக்கும். சிம்மை மாற்றும்போது அதிலுள்ளவை போய்விடும்.

இன்னொரு வழியும் உண்டு. அது எமக்கு மேலாகத் தோன்றுகிறது. பழைய இலக்கத்தைப் பட்டன் போனிலேயே விட்டுவிட்டு, டேட்டாவுக்கு மட்டும் புதிய சிம் ஒன்றை டச் போனில் போடுங்கள். வட்ஸ்அப்பைப் பழைய இலக்கத்திலேயே பதியலாம். உறுதிப்படுத்தும் எண் பட்டன் போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பல பிரதேசங்களில் மின்சாரம் நாட்கணக்கில் இல்லாமற் போயிற்று. அவ்வாறான நாட்களில் பல நாள் சார்ஜ் தாங்கும் போன் ஒன்று வீட்டில் இருப்பது பெரும் பலமாகும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் சேவையின் 1990, விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவையான 1920 ஆகிய மூன்றுக்கும் பட்டன் போனே போதும்.

காணிப் பத்திரங்களைப் படமெடுப்போம்

டச் போன் செய்யக்கூடிய வேலைகளுள், இடம்பெயர்ந்தவர்களுக்கு மிகப் பெறுமதியானதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். ஓடும்போது விடுபட்டுப்போன காணி உறுதிக்காக எத்தனை குடும்பங்கள் இன்றும் அலைகின்றன! போன் வீட்டுக்கு வந்த முதல் நாளே, வெளிச்சமுள்ள இடத்தில் வைத்து, உறுதியின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், எல்லைகளைக் கூறும் அட்டவணை ஆகியவை தெளிவாகத் தெரியவேண்டும். காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் என்பனவற்றையும் அவ்வாறே செய்யுங்கள்.

படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் மூலம் தொலைந்தால், உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திலும், அனுமதிப்பத்திரத்தின் விபரத்தைப் பிரதேச செயலகத்திலும் கேட்பதற்கு அந்த இலக்கங்கள் வழிகாட்டும். போனும் தொலையக்கூடியதே. எனவே அந்தப் படங்களை நம்பிக்கையான பிள்ளை ஒருவருக்கு அனுப்பி வைத்திருங்கள். வெள்ளமோ யானையோ பயிரை அழித்தாலும் துப்புரவு செய்யுமுன் படமெடுத்து வைப்பது பின்னர் ஆதாரமாக உதவும்.

கடனும் கண்ணியும்

விலையை ரூபாயில் மட்டும் பாராமல் நெல் மூடையில் எண்ணிப் பாருங்கள். அந்தப் போன் எத்தனை மூடை? அந்த மூடைகள் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் ஒதுக்கியவையா? தவணைக்கு வாங்குவதாயின் முழுத் தவணையையும் கூட்டி, கைக்காசு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறுவடை ஒரு போகத்துக்கு ஒருமுறை வரும். தவணை மாதம் தவறாது வரும். அதோடு மாதாந்த டேட்டாச் செலவும் உண்டு. கவரும் திரைக் கண்ணாடியும் வேறு.

போன் வந்த பின்னர் வேறு கண்ணிகள் காத்திருக்கின்றன. “பரிசு விழுந்துள்ளது, நிவாரணம் வந்துள்ளது, உங்கள் போனுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்” என்று ஒருவர் அழைப்பார். அந்த எண் எமது வீட்டுத் திறப்புப் போன்றது. வங்கி உத்தியோகத்தர் என்று சொன்னாலும் கொடுக்க வேண்டாம். சில நிமிடங்களில் கடன் தருவதாகக் கூறும் செயலிகள், எமது போனிலுள்ள பெயர்ப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், கடன் பிந்தும்போது உறவினரையும் அயலவரையும் அழைத்து அவமானப்படுத்த அவர்களால் முடியும். பிள்ளை பாடம் படிக்கும் போனைப் பிள்ளையின் கையில் மட்டும் விட்டுவிடாமல், தாயும் தந்தையும் அதைத் திறக்கவும் வாசிக்கவும் பழகிக்கொள்வது நல்லது.

போன் வீட்டின் பொதுச் சொத்தாக இருக்கட்டும். யார் எப்போது பாவிப்பது, இரவில் எங்கே வைப்பது, டேட்டாவுக்கு மாதம் எவ்வளவு என்பவற்றை வாங்குமுன்பே பேசி முடிவெடுங்கள். கடைக்கு ஒருவராகப் போகாமல் இருவராகப் போங்கள். கொப்பியில் எழுதிய அந்த நான்கு வேலைகளையும் கொண்டு போங்கள். அந்த நான்கையும் செய்யும் போன் குறைந்த விலையில் கிடைத்தால், மிகுதிக் காசு வயலுக்கே திரும்பட்டும்.