கடிகாரம் சமம், யோசனை சமமா?

2017 டிசம்பரில் வந்த ஒரு செய்தி செஸ் ரசிகர்களை வாய்பிளக்க வைத்தது. டீப்மைண்ட் நிறுவனத்தின் செஸ் ஆடும் நிரலான ஆல்ஃபாஸீரோ, ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினோடு 100 ஆட்டங்கள் ஆடி 28-ல் வென்றிருந்தது. மற்ற 72-ம் டிரா. ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் முணுமுணுப்பு கிளம்பியது. ஸ்டாக்ஃபிஷை உருவாக்கியவர்களில் ஒருவரான டோர்ட் ரோம்ஸ்டாட், போட்டி நடத்திய விதத்தையே குறை சொன்னார். ஒரு நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று இரு தரப்புக்கும் விதித்திருந்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எளிய நகர்த்தல்களைச் சட்டென்று ஆடி, மிச்சம் பிடித்த நேரத்தைச் சிக்கலான கட்டத்தில் செலவழிக்கும் சாமர்த்தியத்தை ஸ்டாக்ஃபிஷ்காரர்கள் பாடுபட்டுச் சேர்த்திருந்தார்கள். அந்தச் சாமர்த்தியத்துக்கு அங்கே வேலையே இல்லை. போதாக்குறைக்கு, 64 த்ரெட்களில், அதாவது இணையாக நடக்கும் 64 கணக்கீடுகளாக, ஓடிய எஞ்சினுக்கு, அலசிய நிலைகளைக் குறித்துவைக்கக் கொடுத்த ஹாஷ் நினைவகம் வெறும் 1 ஜிபி.

எஞ்சினைப் பொறுத்தவரை நேரம் என்பது நொடிக்கணக்கு மட்டுமல்ல. அந்த நொடியில் செயலி அதற்காக எவ்வளவு உழைத்தது என்பதும்தான். அது கடிகாரத்துக்குத் தெரியாது.

வீட்டுக் கணினியில் இரண்டு எஞ்சின்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பவர்கள் இதில் சுலபமாக ஏமாறுவார்கள். எதிராளியின் கடிகாரம் ஓடும்போது நாமும் யோசிக்கலாம். செஸ்ஸில் அதற்குத் தடையில்லை. எஞ்சின்களும் அப்படிச் செய்யும். ‘பாண்டரிங்’ என்று அதற்குப் பெயர். ஆளுக்கொரு கணினி இருந்தால் வம்பில்லை. ஒரே கணினி, அதிலும் செயலியில் ஒரே கோர் என்றால், ஒரே அடுப்பில் இரண்டு பேர் உலை வைத்த கதைதான். கறுப்பின் கடிகாரம் முழுதாக ஓடும்; செயலியில் பாதியை வெள்ளை உறிஞ்சிக்கொண்டிருக்கும். வெள்ளை நான்கு த்ரெட்களைத் திறந்துவைத்தால் இன்னும் மோசம். இயங்குதளம் பெரும்பாலும் த்ரெட் கணக்கில்தான் செயலியைப் பங்கிடும். ஒற்றைத் த்ரெட்டோடு வந்த கறுப்புக்கு ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். எதிராளியின் நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் ஒழுங்கான எஞ்சினுக்குத்தான் இதில் நஷ்டம். அதனால்தான் மார்ட்டின் தோரசன் 2010-ல் தொடங்கிய டிசிஇசி என்ற எஞ்சின் போட்டியில் பாண்டரிங்கை அணைத்தே வைக்கிறார்கள்.

அணைத்தாலும் தொல்லை முழுதாகத் தீராது. நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரே கணினியில் பத்து ஆட்டங்களை ஓடவிட்டால், செயலியின் கேஷ் நினைவகத்துக்கு எல்லாம் போட்டி போடும். சூடேறிய செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நடுவில் வைரஸ் தடுப்பு மென்பொருள் விழித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் இத்தகைய இடைஞ்சல் இன்று வெள்ளைக்கு, நாளை கறுப்புக்கு என்று மாறி மாறி விழும். ஆட்டங்கள் கூடக்கூடச் சரியாகிவிடும். பாண்டரிங் திருட்டு அப்படியல்ல. ஒருவர் பையிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கும்.

நொடியை விட்டுவிட்டு, இத்தனை நிலைகளை மட்டும் அலசலாம் என்று வரம்பு கட்டினால்? ஆல்ஃபாஸீரோ நொடிக்குச் சுமார் 60,000 நிலைகளைப் பார்த்தது. ஸ்டாக்ஃபிஷ் சுமார் 6 கோடி. இந்த இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் நிறுத்துவது கேலிக்கூத்து.

ஸ்டாக்ஃபிஷ்காரர்களின் ‘ஃபிஷ்டெஸ்ட்’ சோதனைக்களம் கையாளும் வழி புத்திசாலித்தனமானது. தன்னார்வலர்கள் இரவல் தரும் கணினிகள் பல ரகம். ஒவ்வொன்றின் வேகத்தையும் முதலில் அளந்து, அதற்கேற்பக் கடிகாரத்தைத் திருத்துகிறார்கள். மெதுவான கணினிக்குக் கூடுதல் நொடிகள் கிடைக்கும்.

கணினி பலத்தைச் சமமாக்கும் தகராறு உலகக் கணினி செஸ் போட்டியிலும் வெடித்தது. 2009-ல் 8 கோர்களுக்கு மேல் கூடாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பவே அடுத்த ஆண்டு வரம்பை நீக்கிவிட்டு, எல்லோருக்கும் ஒரே வகைக் கணினி தரும் தனிப் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள்.

டீப்மைண்டும் தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. 2018 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரைப்படி, ஸ்டாக்ஃபிஷுக்கு 44 கோர்கள், 32 ஜிபி ஹாஷ். இரு தரப்புக்கும் 3 மணி நேரம், நகர்த்தலுக்கு 15 நொடி கூடுதல். 1000 ஆட்டங்களில் ஆல்ஃபாஸீரோ 155-ல் வென்று 6-ல் தோற்றது. ஆல்ஃபாஸீரோவுக்குப் பத்தில் ஒரு பங்கு நேரமே கொடுத்தும் ஆடிப்பார்த்தார்கள். அப்போதும் ஆல்ஃபாஸீரோவின் கைதான் ஓங்கியிருந்தது. 2017-லேயே இதைச் செய்திருந்தால் ஓராண்டுச் சச்சரவு மிச்சமாகியிருக்கும்.